ஏட்டில் இருந்தால் போதுமா?

"சாத்திரம் சொல்கிறது!"

ஒரு காலத்தில் இந்த இரண்டே சொற்கள் போதும். வாதம் அடங்கிவிடும், வாய்கள் மூடிக்கொள்ளும். எந்தச் சாத்திரம், எவர் எழுதியது, எவருக்கு ஆதாயமாக எழுதியது என்று எழுந்து நின்று கேட்டவன் நாத்திகன் என்றும் நாசகாரன் என்றும் ஏசப்பட்டான். ஏச்சைப் பொருட்படுத்தாமல் நாம் கேட்டோம். கேள்வி எழுப்பியதுதான் இந்த இயக்கத்தின் முதல் வேலை.

இன்று மற்றொரு முழக்கம் செவியில் விழுகிறது. "ஆராய்ச்சி சொல்கிறது!" மேடையில் இதைக் கேட்கிறோம், நாளிதழில் படிக்கிறோம், கைப்பேசித் திரையில் காலை விழித்ததும் காண்கிறோம். மாத்திரை விற்பவன் இதைச் சொல்கிறான், மந்திரக் கயிறு விற்பவனும் இதைச் சொல்லக் கற்றுக்கொண்டான். எந்த ஆராய்ச்சி, எத்தனை பேரிடம் நடந்தது, எதனோடு ஒப்பிட்டது என்று எவரும் கேட்பதில்லை. வடமொழிச் சுலோகத்துக்குத் தலையாட்டியவனைப் பார்த்துச் சிரித்தோமே, இங்கிலீஷ் ஆய்வேட்டின் பெயரைக் கேட்டதுமே தலையாட்டுகிறவனைப் பார்த்து என்ன செய்வது? படிக்காத ஒன்றுக்குப் பணிந்த தலைகள்தாமே இரண்டும்!

ஆகவே ஒரு கேள்வியை இங்கே எடுத்து வைக்கிறேன். ஆராய்ச்சி ஏட்டில் அச்சாகிவிட்டது என்ற ஒரே காரணத்துக்காக ஒன்றை நம்பவும், நம்பியதைப் பிறரிடம் பரப்பவும் நமக்கு உரிமை உண்டா? இதை அறிவுத் துறைக் கேள்வி என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள், தோழர்களே! அறத்தைப் பற்றிய கேள்வி இது.

1877இல் வில்லியம் கிளிஃபர்டு எனும் ஆங்கிலக் கணித அறிஞர் ஒரு கட்டுரை எழுதினார். நம்பிக்கைக்கு அறம் உண்டா என்பது அதன் பொருள். கப்பல் முதலாளி ஒருவனை அதிலே உவமையாகக் காட்டினார். கப்பல் பழையது, பழுது பார்க்க வேண்டியது. பார்த்தால் பணம் செலவு. எத்தனையோ முறை போய் வந்த கப்பல்தானே, இம்முறையும் போய் வரும் என்று தன் மனத்துக்குத் தானே சமாதானம் கூறிக்கொள்கிறான். குடிபெயர்ந்து செல்லும் ஏழைக் குடும்பங்களை ஏற்றி அனுப்புகிறான். கப்பல் நடுக்கடலில் மூழ்குகிறது. அவன் காப்பீட்டுத் தொகையை வாங்கிக்கொள்கிறான். அவன் மனமார நம்பினான் என்பது உண்மை. ஆயினும் குற்றவாளி என்றார் கிளிஃபர்டு. கப்பல் மூழ்காமல் கரை சேர்ந்திருந்தாலும் அவன் குற்றவாளியே என்று மேலும் ஒரு படி ஏறிச் சொன்னார். ஏன்? சோதித்துப் பார்க்கும் கடமையைக் கைவிட்டு நம்பினான். நம்பும் உரிமையை உழைத்துப் பெறவில்லை.

நம் நம்பிக்கை நம் நெஞ்சோடு நின்றுவிடுவதில்லை. அது ஒரு கப்பல். அதில் பிறர் ஏறுகிறார்கள். நம் தாய் ஏறுகிறாள், தங்கை ஏறுகிறாள், அவள் இடுப்பில் உள்ள குழந்தையும் ஏறுகிறது. ஆதலால் கப்பலைச் சோதிப்பது எப்படி என்று பார்ப்போம்.

முதலில், நம்மையே அளந்த ஓர் ஆராய்ச்சி.

ஹெர்பர்ட் ரிஸ்லி என்பவர் வெள்ளையர் ஆட்சியின் உயர் அதிகாரி. 1901ஆம் ஆண்டு மக்கள் கணக்கெடுப்புக்கு ஆணையர். அவர் வங்காளம் முதலிய பகுதிகளில் மக்களின் மூக்கை அளக்கச் செய்தார். மூக்கின் அகலத்தை அதன் உயரத்தால் வகுத்து நூறால் பெருக்கினால் ஓர் எண் கிடைக்கும். அந்த எண் குறையக் குறையச் சாதி உயருகிறது, கூடக் கூடத் தாழ்கிறது என்று 1891இல் அறிவித்தார். மூக்குக் கூர்மையாம், ஆகவே மேல் சாதியாம்! மூக்கு அகலமாம், ஆகவே கீழ்ச் சாதியாம்! சென்னை அருங்காட்சியகத்தின் தலைவராக இருந்த எட்கார் தர்ஸ்டனும் அளவுகோலை எடுத்துக்கொண்டு தென்னாட்டு மக்களின் தலையையும் மூக்கையும் அளந்தார்.

மனு எழுதியதை மறுக்கலாம். அது பழங்காலத்துப் புரட்டு என்று தள்ளலாம். ஆனால் இது அளவு! எண்! அட்டவணை! மேனாட்டுக் கல்விக் கழகத்தின் ஏட்டில் வந்த கட்டுரை! சாதி வேற்றுமை சமூகம் செய்த சூழ்ச்சி இல்லை, இயற்கை செய்த ஏற்பாடு என்று கூறுவோருக்கு இதைவிட இனிப்பான செய்தி வேறு என்ன வேண்டும்?

அதை எதிர்த்தவர்கள் என்ன செய்தார்கள் என்பதில்தான் நமக்குப் பாடம் இருக்கிறது. அவர்கள் வெறும் வசைமாரி பொழியவில்லை. அட்டவணையைத் திறந்து பார்த்தார்கள். பம்பாய்ச் சமூகவியல் அறிஞர் கோவிந்த சதாசிவ குர்யே 1932இல் வெளியிட்ட தமது நூலில், ரிஸ்லியும் பிறரும் தந்த அளவுகளையே எடுத்துக்கொண்டு பகுதி பகுதியாகப் பிரித்து அடுக்கினார். கங்கைச் சமவெளியின் ஐக்கிய மாகாணத்தில் மூக்கு வரிசையும் சாதி வரிசையும் ஓரளவு ஒத்துப் போயின. பிற பகுதிகளில் அந்த ஒழுங்கு குலைந்து போயிற்று. ஓர் இடத்தில் கண்டதை நாடு முழுவதற்கும் விதியாக்கியது வெட்டவெளிச்சமாயிற்று. 1933இல் புள்ளியியல் அறிஞர் மகலனோபிஸ், 'சங்க்யா' எனும் ஆய்வேட்டில், ரிஸ்லியின் வங்காள அளவுகளை மறுபடி கணக்கிட்டார். அச்சான அட்டவணைகளிலேயே பிழைகள் இருப்பதைக் கண்டார். திருத்தக்கூடியவற்றைத் திருத்தியும் கொடுத்தார்.

அதன்பின் அண்ணல் அம்பேத்கர் வந்தார். தீண்டாமை எவ்வாறு தோன்றிற்று என்று ஆராய்ந்து 1948இல் அவர் எழுதிய நூலில் இதே மூக்கு அளவுகளை எடுத்து வைத்தார். பார்ப்பனரும் தீண்டப்படாதோர் எனப்பட்டோரும் ஒரே இனத்தவர் என்றே இந்த அளவுகள் காட்டுகின்றன என்று எதிரியின் படைக்கலத்தை எதிரியின் பக்கமே திருப்பினார். அதிலும் ஒரு நிபந்தனை வைத்தார்: மனித உடலை அளந்து இனத்தை நிர்ணயிக்கும் அந்த அறிவியலை நம்பலாம் என்றால்! தமக்குச் சாதகமான முடிவைச் சொல்லும்போதும் அந்த 'என்றால்' என்ற சொல்லை அவர் விட்டுவிடவில்லை. ஆராய்ச்சியைப் படிப்பது என்றால் என்ன என்பதற்கு இதைவிட நல்ல இலக்கணம் கிடைக்காது.

"அது அடிமைக் காலத்து ஆராய்ச்சி. இன்று நிலைமை வேறு. ஒருவர் எழுதுவதை அதே துறை வல்லுநர்கள் படித்துப் பார்த்த பிறகல்லவா ஏட்டில் இடம் கிடைக்கிறது!" என்று நண்பர்கள் கூறலாம்.

உண்மை. ஆராய்ச்சி ஏடுகளுக்கு நீண்ட வரலாறு உண்டு. இலண்டன் அரச அறிவியல் கழகம் 1660இல் தோன்றியது. எவர் சொல்லையும் அப்படியே சான்றாகக் கொள்ளாதே என்னும் பொருள்படும் இலத்தீன் வாசகத்தைத் தன் கொள்கையாகப் பொறித்துக்கொண்டது. 1665 முதல் ஆய்வேடு வெளியிட்டு வருகிறது. வல்லுநர் படித்து மதிப்பிடும் முறையும் படிப்படியாக வளர்ந்து வேரூன்றியிருக்கிறது. நல்ல காவல்தான். ஆனால் வாயிற்காவலன் மூட்டையின் கட்டு சரியாக இருக்கிறதா என்று பார்ப்பான். மூட்டைக்குள் இருக்கும் நெல் எந்த வயலில் விளைந்தது என்று வயலுக்கே போய்ப் பார்க்க மாட்டான். ஆய்வு நடந்த இடத்துக்குப் போய், நோயாளிகளைக் கண்டு, குறிப்பேட்டைப் புரட்டி மதிப்பிடுவது அவர்கள் வேலை முறையில் இல்லை. சொன்னது உண்மை என்று வைத்துக்கொண்டு, சொன்ன முறை சரியா என்று பார்க்கிறார்கள்.

இதற்குச் சான்று, 1823 முதல் வெளிவரும் புகழ் பெற்ற மருத்துவ ஏடு 'லான்செட்'. அதில் 1998 பிப்ரவரியில் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டு என்பவரும் பன்னிருவரும் சேர்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டனர். தட்டம்மை, புட்டாளம்மை, ருபெல்லா ஆகிய மூன்று நோய்களுக்கும் சேர்த்துப் போடப்படும் தடுப்பூசியையும், ஆட்டிசம் எனப்படும் வளர்ச்சிக் குறைபாட்டையும், குடல் அழற்சியையும் ஒருங்கே பேசிய கட்டுரை அது. தடுப்பூசியால் ஆட்டிசம் வருகிறது என்று செய்தி பறந்தது. பெற்ற வயிறுகள் கலங்கின.

அந்தக் கட்டுரையில் இருந்த குழந்தைகள் எத்தனை பேர்? ஆயிரமா? நூறா? பன்னிரண்டு பேர். பன்னிரண்டே பேர்! அவர்களில் எட்டுக் குழந்தைகளின் பெற்றோர் அல்லது மருத்துவர், தடுப்பூசிக்குப் பிறகுதான் நடத்தை மாறியது என்று கருதினர். தடுப்பூசி போட்டும் குறைபாடு வராத குழந்தைகள் ஒப்பீட்டுக்கு வைக்கப்பட்டார்களா? இல்லை. தடுப்பூசி போடாமலே குறைபாடு வந்தவர்கள்? இல்லை. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நம் வீட்டு அடுக்களை அறிவு. ஒரே உலை, ஒரே தீ, கிளறிவிட்ட சோறு என்பதால் அது செல்லும். எவரோ பொறுக்கி எடுத்துக் கையில் கொடுத்த பன்னிரண்டு பருக்கைகளுக்கு அது செல்லாது. ஆட்டிசத்தின் அறிகுறிகள் பெற்றோர் கண்ணுக்குத் தெளிவாகப் புலப்படும் வயதும், இந்தத் தடுப்பூசியின் முதல் தவணை போடும் வயதும் ஏறத்தாழ ஒன்று. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையை அறிந்த நாட்டில் இதை விளக்கவும் வேண்டுமோ?

எல்லாவற்றிலும் பெரிய வியப்பு ஒன்று உண்டு. தடுப்பூசிக்கும் இந்தக் குறைபாட்டுக்கும் தொடர்பு உண்டு என்று தாங்கள் மெய்ப்பிக்கவில்லை என, அந்தக் கட்டுரையிலேயே எழுதியிருந்தது! ஆசிரியர்களே ஒப்புக்கொண்ட வரி அது. கட்டுரையை வெளியிட்டபோது நடந்த செய்தியாளர் கூட்டத்தில் வேக்ஃபீல்டு கூறியதோ வேறு. மூன்றையும் சேர்த்துப் போடும் ஊசியை நிறுத்திவைக்க வேண்டும் என்று பேசினார். உலகம் பேச்சைக் கேட்டது. கட்டுரையைப் படித்தவர் எத்தனை பேர்?

பிரையன் டீர் எனும் செய்தியாளர் 2004இல் மூட்டையை அவிழ்த்தார். தடுப்பூசி நிறுவனங்கள்மீது வழக்குத் தொடுக்க இருந்த வழக்கறிஞரின் வழியாக வேக்ஃபீல்டுக்குப் பணம் வந்தது வெளிப்பட்டது. அதே ஆண்டில் உடன் எழுதியவர்களில் பத்துப் பேர் கட்டுரையின் கருத்துரையைக் கைவிட்டனர். 2010இல் 'லான்செட்' கட்டுரை முழுவதையும் திரும்பப் பெற்றது. வேக்ஃபீல்டின் பெயர் மருத்துவர் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டது. இதற்கிடையே 2002இல் டென்மார்க்கிலிருந்து வந்த ஆய்வு 5,37,303 குழந்தைகளைக் கணக்கில் எடுத்திருந்தது. ஊசி போட்டவர்களுக்கு ஆட்டிசம் கூடுதலாக வரவில்லை என்று காட்டிற்று. பன்னிரண்டு எங்கே? ஐந்து இலட்சம் எங்கே?

அச்சம் மட்டும் அவ்வளவு எளிதில் திரும்பப் பெறப்படவில்லை. இங்கிலாந்தில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் இருந்த அந்தத் தடுப்பூசியின் பரவல், 2003-04இல் எண்பதை ஒட்டிச் சரிந்தது. அடங்கியிருந்த தட்டம்மை இங்கிலாந்திலும் வேல்ஸிலும் மீண்டும் நிலைகொண்டுவிட்டது என்று 2008இல் அறிவிக்கப்பட்டது. கிளிஃபர்டின் கப்பல் மூழ்கிய காட்சி இது. கப்பலில் இருந்தவர்கள் குழந்தைகள்.

வேக்ஃபீல்டு ஒருவர் செய்ததைக் கொண்டு ஆராய்ச்சி உலகையே பழிக்கலாமா என்று கேட்பீர்கள். ஏமாற்றே இல்லாத இடத்திலும் பிழை நுழைகிறது என்பதையும் பாருங்கள். உளவியல் ஏடுகளில் வெளிவந்த நூறு ஆய்வுகளை 270 ஆராய்ச்சியாளர்கள் சேர்ந்து மறுபடி செய்து, 2015இல் முடிவை வெளியிட்டனர். மூல ஆய்வுகளில் நூற்றுக்கு 97, தற்செயல் என்று தள்ள முடியாத முடிவு கண்டதாகக் கூறியவை. மறுபடி செய்தபோது நூற்றுக்கு 36தான் அவ்வாறு தேறின. முதலில் செய்தவர்கள் பொய்யர்கள் என்பது இதன் பொருளாகாது. சிறு கூட்டத்தில் கண்டதைப் பெரிதாக நினைப்பதும், பல கணக்குப் போட்டு நன்றாக வந்ததை மட்டும் எழுதுவதும், 'ஒன்றும் காணவில்லை' என்ற கட்டுரையை ஏடுகள் விரும்பாததால் அது பெட்டியில் உறங்குவதும் கூடி இந்நிலையை உண்டாக்கும். ஆதலால் ஒரே ஓர் ஆய்வை முடிந்த முடிவாகக் கொள்ளாதே என்பது முதல் பாடம்.

ஆனால் பொறுங்கள்! இந்த இடத்தில்தான் பலர் வழி தவறுகிறார்கள். "ஆராய்ச்சியே இப்படித்தான், இன்று ஒன்று சொல்வான், நாளை ஒன்று சொல்வான், எதையும் நம்பாதே!" என்று கையை உதறிவிட்டு எழுகிறார்கள். இதைப் பகுத்தறிவு என்றும் எண்ணிக்கொள்கிறார்கள். ஐயப்படுவது பகுத்தறிவின் கருவி. கருவியைக் கள்வனும் கையில் எடுப்பான்.

எடுத்தான். 1950 செப்டம்பரில் ரிச்சர்டு டால், ஆஸ்டின் பிராட்ஃபோர்டு ஹில் ஆகிய இருவர் இலண்டன் மருத்துவமனைகளில் செய்த ஆய்வை வெளியிட்டனர். நுரையீரல் புற்றுநோய் கொண்ட ஆண்கள் 649 பேர். வேறு நோய் கொண்ட ஆண்கள் 649 பேர். முதல் கூட்டத்தில் புகைக்காதவர் இருவர் மட்டுமே. இரண்டாம் கூட்டத்தில் 27 பேர். இங்கே ஒப்பீடு இருக்கிறது, எண்ணிக்கை இருக்கிறது. ஆயினும் அதோடு அவர்கள் நிற்கவில்லை. 1951இல் பிரிட்டிஷ் மருத்துவர்களுக்கு மடல் எழுதி, ஏறத்தாழ 40,000 பேரின் புகைப்பழக்கத்தைக் கேட்டறிந்து, எவர் எந்த நோயால் இறக்கிறார் என்று ஆண்டாண்டாகத் தொடர்ந்து கவனித்தனர். டால் முதலில் ஐயுற்றது சாலைத் தாரையும் மோட்டார் புகையையும். சான்று சிகரெட்டைச் சுட்டியபோது தாம் புகைப்பதை நிறுத்திக்கொண்டார். ஐயம் கொண்டார், ஆராய்ந்தார், விடை வந்ததும் தம்மை மாற்றிக்கொண்டார்.

மறுபுறம் பாருங்கள். 1954 ஜனவரியில் அமெரிக்கச் சிகரெட் நிறுவனங்கள் நானூற்றுக்கும் மேற்பட்ட நாளிதழ்களில் ஒரே அறிக்கையை வெளியிட்டன. புகையிலைதான் காரணம் என்று நிலைநாட்டப்படவில்லை, இன்னும் ஆராய வேண்டும், அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு என்று பேசிற்று அந்த அறிக்கை. எவ்வளவு அடக்கமான பேச்சு! நம் பகுத்தறிவு மேடையில் பேசுவது போன்றே இருக்கிறதல்லவா? 1969இல் ஒரு சிகரெட் நிறுவனத்துக்குள் எழுதப்பட்ட குறிப்போ, ஐயந்தான் நாம் விற்கும் சரக்கு என்னும் பொருள்பட ஒளிவின்றிப் பேசிற்று. பொதுமக்களை ஏமாற்றினார்கள் என்று அமெரிக்க நீதிமன்றம் 2006இல் தீர்ப்பளித்தது. இடைப்பட்ட அரை நூற்றாண்டில் எத்தனை சுடுகாடுகள் புகைந்தன!

பேரறிஞர் பெயரும் இங்கே காப்பாற்றவில்லை. ரொனால்டு ஃபிஷர் தற்காலப் புள்ளியியலை வகுத்த மேதைகளுள் ஒருவர். 1950களின் இறுதியில் அவர் டால், ஹில் கூறியதை மறுத்தார். புகைக்கும் ஆசையையும் புற்றுநோயையும் ஒரே பரம்பரைக் கூறு உண்டாக்கலாமே என்றார். அவர் புகையிலை உற்பத்தியாளர் குழுவுக்கு ஆலோசகராகவும் இருந்தார். அதைச் சொல்லி அவரைத் தள்ளிவிடலாமா? கூடாது. பணம் எங்கிருந்து வந்தது என்பது விசாரணையின் தொடக்கம். தீர்ப்பு அதனால் ஆகாது. அவர் வாதத்தையே எடுத்துச் சோதிக்க வேண்டும். பிறப்பிலேயே உள்ள கூறுதான் காரணம் என்றால், புகைப்பதை நிறுத்துவதால் ஆபத்து குறையக் கூடாது. புகையை விட்ட மருத்துவர்களுக்கோ ஆபத்து குறைந்தது. மேதையின் வாதம் வீழ்ந்தது. அவரை எவரும் இகழ வேண்டியிருக்கவில்லை.

இரு வகை ஐயங்களையும் எப்படிப் பிரித்தறிவது? விடையைத் தேடும் ஐயம், எந்தச் சான்று கிடைத்தால் நான் ஒப்புக்கொள்வேன் என்று முன்கூட்டியே சொல்லும். விற்பனைக்கு வந்த ஐயம் அதைச் சொல்லாது. ஒரு சான்று கொடுத்தால் இன்னொன்று கேட்கும், அதையும் கொடுத்தால் மூன்றாவது கேட்கும். தடுப்பூசியைக் கண்டு அஞ்சுவோருக்கும் இந்தக் கேள்வியைப் போடுங்கள்; நமக்கு நாமும் போட்டுக்கொள்வோம்.

ஆம், நமக்கும்! எதிரியின் ஏட்டில் ஓட்டை காண்பதற்கு எவருக்கும் கண் உண்டு. நம் நெஞ்சுக்கு இனிக்கிற ஏட்டில் ஓட்டை காண்பதற்குத் தனித் துணிவு வேண்டும்.

ஃபிலிப் ஸ்கிளேட்டர் ஒரு விலங்கியல் அறிஞர். இலெமூர் எனும் விலங்கினமும் அதன் உறவினங்களும் மடகாஸ்கரிலும் ஆப்பிரிக்காவிலும் இந்தியாவிலும் காணப்படுவது ஏன் என்று எண்ணி, இடையே ஒரு நிலப்பரப்பு இருந்து அழிந்திருக்கலாம் என 1864இல் கருதினார். அதற்கு 'இலெமூரியா' என்று பெயர் வைத்தார். அது ஓர் ஊகம். அன்றைய அறிவுக்கு நியாயமான ஊகம். நம் இலக்கியங்கள் கடல்கோளையும் பஃறுளி ஆற்றையும் பேசுகின்றன. இரண்டையும் முடிச்சுப் போட்டு, தமிழன் பிறந்த கண்டமே அதுதான் என்று எழுதினோம், பேசினோம், படமும் வரைந்தோம். மேனாட்டு அறிஞரே சொல்லிவிட்டார் என்று மார்தட்டினோம்.

மேனாட்டு அறிவியலோ அங்கே நின்றுவிடவில்லை. கண்டங்கள் நகர்கின்றன என்று 1912இல் ஆல்ஃபிரட் வெகனர் கூறினார். 1960களில் கடலடி ஆய்வுகள் அதை உறுதி செய்தன. இந்தியாவும் மடகாஸ்கரும் ஒட்டியிருந்தவை. பிரிந்தது ஏறத்தாழ 9 கோடி ஆண்டுகளுக்கு முன்பு. நம்மைப் போன்ற மனிதன் தோன்றி சுமார் 3 இலட்சம் ஆண்டுகளே ஆகின்றன. மூழ்கிய கண்டம் தேவைப்படவில்லை; அறிஞர்கள் அந்த ஊகத்தைக் கைவிட்டனர். கரையோர நிலங்களைக் கடல் கொண்டிருக்கலாம். அந்த நினைவு பாட்டில் வாழலாம். அது வேறு, கண்டம் வேறு. ஊகம் பிறந்த செய்தியை மட்டும் படித்துவிட்டு, அது இறந்த செய்தியைப் படிக்க மறுத்தால், புராணத்தைப் புறக்கணித்த நமக்கு என்ன பெருமை?

தமிழின் தொன்மைக்கு இலெமூரியாவின் தயவு வேண்டியதில்லை. மண்ணைத் தோண்டினால் சான்று வருகிறது. கீழடியில் வாழ்ந்த மக்களின் காலத்தைக் கி.மு. ஆறாம் நூற்றாண்டு வரை கொண்டுசென்று தமிழ்நாடு அரசுத் தொல்லியல் துறை 2019இல் அறிக்கை வெளியிட்டது. மகிழ்வோம். மகிழ்ந்தபடியே அந்த அறிக்கையையும் திறந்து படிப்போம். எந்த அடுக்கில், எவ்வளவு ஆழத்தில் எடுத்த பொருள், எத்தனை மாதிரிகள், எந்த ஆய்வுக்கூடம் காலத்தைக் கணித்தது? இந்தக் கேள்விகளை நாமே முதலில் கேட்டுவிட்டால், மாற்றார் கேட்கும்போது நம் கால் நடுங்காது. கேள்வியில் குளித்தெழுந்த சான்றே களத்தில் நிற்கும்.

இனி, நியாயமான ஒரு தடையைப் பார்ப்போம். "நெசவாளிக்கும் பேருந்து ஓட்டுநருக்கும் ஆராய்ச்சி ஏட்டைப் படிக்க நேரம் ஏது? மொழி ஏது? அவர்கள் எதையேனும் நம்பித்தானே ஆக வேண்டும்? பிறகு புரோகிதனை நம்புவதற்கும் பேராசிரியரை நம்புவதற்கும் என்ன வேறுபாடு?"

வேறுபாடு உண்டு. நம்பாமல் ஒரு நாளும் வாழ முடியாது; எனவே நம்புவது குற்றமாகாது. கேள்விக்குக் கதவடைத்த இடத்தை நம்புவதுதான் குற்றம். வேதத்தைக் காதால் கேட்டதற்கே தண்டனை வகுத்த ஏற்பாடு ஒன்று உண்டு. எப்படிச் செய்தேன் என்று எழுதிவைத்து, முடிந்தால் பொய்யாக்கிப் பார் என்று அறைகூவும் ஏற்பாடு மற்றொன்று. சாத்திரத்தில் திருத்தப் பக்கம் இல்லை. ஆராய்ச்சி ஏட்டில் திருத்தப் பக்கம் இருக்கிறது. 'லான்செட்' பன்னிரண்டு ஆண்டு தாமதித்தது, தாமதம் குற்றமே. ஆயினும் திரும்பப் பெற்றது. மனுவின் எந்தச் சுலோகம் இதுவரை திரும்பப் பெறப்பட்டிருக்கிறது?

ஆய்வுக்கூடம் இல்லாதவனும் கேட்கத்தக்க கேள்விகள் உண்டு. எத்தனை பேரிடம் பார்த்தார்கள்? எவரோடு ஒப்பிட்டார்கள்? செலவு எவருடையது? வேறு இடத்தில், வேறு கைகள் செய்தபோதும் இதே முடிவு வந்ததா? கட்டுரை சொன்னது எவ்வளவு, செய்தித்தாள் சேர்த்தது எவ்வளவு? இவற்றைக் கேட்பதற்குப் பட்டம் தேவையில்லை. சந்தையில் கத்தரிக்காய் வாங்கும் நம் தாய்மார்களின் கூர்மை போதும். விடை கிடைக்கவில்லையா? "எனக்குத் தெரியவில்லை" என்று சொல்வதில் இழிவு ஏதுமில்லை. தெரியாததைத் தெரிந்ததுபோல் பரப்புவதில்தான் இழிவு.

ஆங்கிலமும் கணக்கும் படித்த இளைஞர்களுக்கு மட்டும் கூடுதல் கடமை ஒன்று உண்டு. ஊர்தோறும் படிப்பகம் வைத்த இயக்கம் இது. நாளிதழைப் படித்துக் காட்டியது போல, செய்தியாக வந்த ஓர் ஆய்வை வாரம் ஒன்றாக எடுத்து, மூலக் கட்டுரையைத் தேடிப் படித்து, அதன் நிறையையும் குறையையும் எளிய தமிழில் எடுத்துச் சொல்லுங்கள். நமக்குப் பிடிக்காத முடிவைச் சொன்ன ஆய்வு ஒரு வாரம் என்றால், நமக்குப் பிடித்த முடிவைச் சொன்ன ஆய்வு மறு வாரம். சொல்பவர் எவராயினும் சொல்லப்பட்டதன் மெய்யைக் காண்பதே அறிவு என்பது 423ஆம் குறளின் கருத்து. பேராசிரியருக்கு அதில் விலக்கு இல்லை. நம் தலைவர்களுக்கு விலக்கு இல்லை. இந்தக் கட்டுரைக்கும் விலக்கு இல்லை. இதில் உள்ள ஆண்டுகளையும் எண்களையும் சரிபார்த்துவிட்டுப் பிறகு நம்புங்கள்.